கண்டி நாயக்க மன்னரும் சமயமும்

கண்டி மன்னன் நரேந்திரசிங்கன் 1739ஆம் ஆண்டில் பட்டத்தரசி வயிற்று மைந்தனின்றி மறைந்தான். மதுரையிலிருந்து வந்த அரசியின் உடன்பிறந்தான், ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்னும் பெயருடன் முடி புனைந்தான். அன்று முதல் 1815 வரை நாயக்கர் நால்வர் மலைநாட்டை ஆண்டனர். அவர்கள் பிறந்த சமயம் இந்து சமயம். அரியணை ஏறிய நாட்டின் மரபோ, புத்தர்பிரானின் தந்ததாதுவைக் காப்பவனே வேந்தன் என்பது.

இம்முரணை நெடுங்காலம் சுமந்தவன் இரண்டாம் நாயக்கனாகிய கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782). அக்காலத்தில் பிக்குகளுக்குரிய உபசம்பதை என்னும் உயர் தீட்சை இலங்கையில் அற்றுப்போயிருந்தது. ஒல்லாந்தரின் கப்பலுதவி பெற்று, மன்னன் சியாம் தேசத்திற்குத் தூது விடுத்தான். உபாலி தேரர் வந்து, 1753இல் கண்டியில் உபசம்பதையை மீண்டும் நிலைநாட்டினார். இதற்கு அயராது உழைத்த வெலிவிட்ட சரணங்கரர் சங்கராஜர் ஆயினார்.

இத்துணை செய்த மன்னனையே 1760இல் கொல்லச் சூழ்ந்தனர்! பிரதானிகள் சிலரும் பிக்குகள் சிலரும் கூடிச் சியாம் இளவரசன் ஒருவனை அரியணையேற்ற எண்ணினர். சரணங்கரர் பெயரும் அதில் அடிபட்டது. மன்னன் திருநீறு அணிகிறான் என்பது அவர்கள் கண்ட குறைகளுள் ஒன்றெனச் சிங்கள நூலொன்று குறிக்கிறது. நீறு ஒரு சாக்காக இருந்திருக்கலாம். அந்நியன் ஆள்வதே மெய்யான நோவு எனல் பொருந்தும். சூழ்ச்சி வெளிப்பட்டபின் பிரதானிகள் சிலர் தண்டனையுற்றனர். எனினும் மன்னன் பௌத்தப் பணியைக் கைவிட்டானல்லன்; கங்காராம விகாரை அவன் எடுப்பித்தது.

நாதர், விஷ்ணு, கதிர்காமத் தேவர், பத்தினி என்னும் நான்கு தேவாலயங்களுக்குரியதாயிருந்த கண்டிப் பெரஹராவில், தந்ததாது முன்செல்லும் வழக்கமும் இவன் காலத்ததே. பத்தினி வேறு யாருமல்லள், நம் கண்ணகியே.

சமயம் தழைத்தது, சமூகத்தின் ஏற்றத்தாழ்வு தளரவில்லை. புதிய சியாம் நிகாயத்தில் உபசம்பதை கொவிகம குலத்தார்க்கே உரியதாயிற்று. ஒதுக்கப்பட்ட கரையோரக் குலத்தார் பர்மா சென்று தீட்சை பெற்று மீண்டு, 1803இல் அமரபுர நிகாயத்தைத் தொடங்கினர்.

1815 மார்ச் 2இல் எழுதிய கண்டி ஒப்பந்தம் நாயக்கரின் அரசுரிமையை நீக்கிற்று. பௌத்தத்தைக் காப்பதாக வாக்களித்தது. அதில் ஒப்பமிட்ட சிங்களப் பிரதானிகளுள் சிலர் தமிழெழுத்தைக் கையாண்டனர். இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தான்.