ஏட்டுக்கூலியை யார் தருவது?

நிலத்தின் அரசியலை ஓயாமல் பேசும் நாம், நிலத்தை எழுதிவைக்கும் ஏட்டின் செலவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 1792-இல் சேலம் சீமை திப்புவிடமிருந்து கும்பினியின் கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும் அவரது உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, இன்ன காடு இன்னார் பேரில் என்று எழுதவைத்தார்கள். கிராமத்தில் ஏட்டை வைத்திருந்த கர்ணத்துக்குச் சம்பளம் சொற்பம். மீதியை, பெயர் மாற்ற வந்து நின்ற குடியானவன் கொடுத்தான். 1980-இல்தான் அந்தப் பரம்பரைப் பதவிகள் ஒழிந்தன. அரசு தராத ஏட்டுக்கூலி மிச்சமாகிவிடவில்லை. கணக்கில் ஏறாத வழியில் வசூலானது.

இணையத்துக்கும் இப்படியொரு ஏடு உண்டு. இணையத்தில் சேரும் வலையமைப்புக்கு எண் முகவரி வேண்டும். ஒரே எண் இருவருக்குப் போகாமல் பார்ப்பது பதிவகத்தின் வேலை. எடப்பாடியில் கேபிள் டிவி இழுத்துவந்து, இப்போது இணைய இணைப்பும் தருகிற ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஏனுங்க, நம்பருக்கு எதுக்குங்க வருசா வருசம் காசு? அதென்ன தறியா, தேய்மானம் ஆகறதுக்கு?”

நியாயமான கேள்வி. எண் தேயாது, ஏடு தேயும். கேட்பவர் யார் என்று சரிபார்க்க, கைமாறுவதைப் பதிய, பொய் உரிமையாளரைத் தடுக்க, வழக்கு நடத்த ஆள் வேண்டும். செலவில் பெரும்பங்கு சம்பளம்தான். கணினி, கட்டிடம், கூட்டங்கள் எல்லாம் அதற்குப் பின்னால்.

ஒரு காலத்தில் இது இலவசமாகத் தோன்றியது. கலிபோர்னியாவில் ஜான் போஸ்டல் இந்தப் பட்டியலைப் பராமரித்தபோது அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிப் பணம் செலவைத் தாங்கியது. 1995-இல் இணையப் பெயர்களுக்கு ஆண்டுக்கு 50 டாலர் வந்தது. எண்களைப் பதியும் செலவும் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே மறைந்திருந்தது. 1997 டிசம்பரில் வட அமெரிக்காவின் எண்ணேடு ‘ஆரின்’ என்று தனியே பிரிந்து, உறுப்பினர் கட்டணத்தில் நிற்கத் தொடங்கியது. நம் பிராந்தியத்துக்கான ‘ஆப்னிக்’ 1993-இல் டோக்கியோவில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1998-இல் பிரிஸ்பேனுக்குப் போனது. அதன் கீழ் இந்தியாவுக்கான பதிவகம் ‘இரின்’ 2012-இல் வந்தது.

கட்டணத்தை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் அரசியல் தொடங்குகிறது. ஆப்னிக்கில் நெடுங்காலம் இருந்த கணக்குப்படி, எண்கள் இரட்டிப்பானால் கட்டணம் சுமார் 31 சதவீதமே கூடும். ஆக, 256 எண் வைத்திருப்பவரைவிட 256 மடங்கு வைத்திருக்கும் பெரிய நிறுவனம் எட்டரை மடங்குதான் கட்டும். இதற்கும் ஒரு தர்க்கம் உண்டு: பத்து ஏக்கரானாலும் நூறு ஏக்கரானாலும் ஏட்டில் ஒரு வரிதானே! ஆனால் செலவின் நியாயம் வேறு, தாங்கும் சக்தியின் நியாயம் வேறு. மேலும், நேரடி உறுப்பினருக்கு அளவைப் பொறுத்து ஒன்று முதல் 64 வரை ஓட்டு. கட்டணத்தில் சமத்துவம் பேசாத ஏடு, ஓட்டிலும் பேசவில்லை.

‘அப்படியானால் கட்டணத்தையே ஒழி’ என்பது எளிய முழக்கம். ஆப்பிரிக்காவைப் பார்க்கலாம். 60 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களைத் திரும்பப் பெற முயன்ற ‘ஆஃப்ரினிக்’ பதிவகத்தின் வங்கிக் கணக்குகளை, அந்த எண்களை வைத்திருந்த நிறுவனத்தின் மனுவில், 2021 ஜூலையில் மொரீஷியஸ் நீதிமன்றம் முடக்கியது. ஏட்டைத் திருத்த வேண்டியதில்லை, அழிக்க வேண்டியதில்லை. ஏடு எழுதுகிறவனின் சம்பளத்தை நிறுத்தினால் போதும். 2023-இல் நிர்வாகமே நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரின் கைக்குப் போனது. ஒரு கண்டத்தின் எண்ணேடு இப்படி ஆட்டங்கண்டது.

ஆகவே ஏட்டுக்கூலி இருந்தே தீர வேண்டும். ஏடு யாருடைய பணத்தில் நடக்கிறதோ அவர் குரலுக்கு அது செவிசாய்க்கும். ராணுவமா, பெருநிறுவனமா, எல்லோருமா என்பதே கேள்வி. உலகின் பொதுக்கையிருப்பில் இருந்த பழைய முறை எண்கள் 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டன. எண் இல்லாத சின்ன ஆபரேட்டர், ஒரே எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டு ஓட்டுகிறார். அவர் கேட்க வேண்டியது “ஏன் காசு?” என்பதல்ல; “யார் எவ்வளவு கட்டுகிறார்கள், அந்தக் கணக்கை முடிவுசெய்யும் இடத்தில் எனக்கு எத்தனை ஓட்டு?” என்பதே. கர்ணத்தின் முன்னால் நின்ற குடியானவனுக்கு இதைக் கேட்க இடமில்லை. நமக்கு இருக்கிறது.