பள்ளி இறுதிச் சான்றிதழ்: தமிழகச் சீர்திருத்த வரலாறும் ஜவ்வாது மலையும்

ஒரு மாணவர் பள்ளியில் இன்ன அளவு கற்றார் என்று அரசு தரும் உறுதிமொழியே பள்ளி இறுதிச் சான்றிதழ். தமிழகத்தில் அதன் வடிவம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மாறி வந்துள்ளது. ஒரு தேர்வை நம்புவதா, பள்ளியின் நெடுநாள் பதிவை நம்புவதா என்ற கேள்வி இந்த மாற்றங்களில் மீண்டும் மீண்டும் எழுந்தது. ஜவ்வாது மலை போன்ற பகுதிகளுக்கு இக்கேள்வி மிக நெருக்கமானது.

மெட்ரிகுலேஷன் காலம்

1857-ல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகமே மெட்ரிகுலேஷன் தேர்வை நடத்தியது. அது கல்லூரியில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வு. ஆனால் அரசு வேலைக்கும் அதுவே தகுதியாகக் கேட்கப்பட்டதால், பள்ளிப் பாடம் முழுவதும் பல்கலைக்கழகத்தை நோக்கியே அமைந்தது. 1882-ல் அமைக்கப்பட்ட ஹண்டர் குழு, கல்லூரிக்குச் செல்வோருக்கும் தொழிலுக்குச் செல்வோருக்கும் உயர்நிலைக் கல்வியில் தனித்தனிப் பாதைகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்

1911-ல் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. திட்டம் நடைமுறைக்கு வந்தது. மாணவர் வகுப்பில் பெற்ற மதிப்பெண்களும் அரசுத் தேர்வில் பெற்ற மதிப்பெண்களும் ஒரே புத்தகத்தில் பதியப்பட்டன. தேர்ச்சி, தோல்வி என்று முத்திரை குத்தாமல் மதிப்பெண்களை அப்படியே காட்டுவதும், கல்லூரிக்குத் தகுதியானவர்களைத் தனியே குறிப்பதும் அதன் முறை. ஆசிரியரின் பதிவுக்கும் அரசின் தேர்வுக்கும் சேர்த்து இடம் கொடுத்த ஏற்பாடு அது. நாளடைவில் பொதுத்தேர்வின் எடை கூடியது; பள்ளிப் பதிவின் எடை குறைந்தது. பிறந்த தேதிக்குச் சான்றாகவும் அந்தப் புத்தகம் பல தலைமுறைகளுக்குப் பயன்பட்டது.

மேல்நிலைக் கல்வி

1964-66 கோத்தாரி குழு 10+2+3 அமைப்பைப் பரிந்துரைத்தது. அதையொட்டித் தமிழகத்தில் 1978-ல் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. பதினோராம் வகுப்பின் முடிவில் இருந்த எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு வந்தது. கல்லூரிகளில் இருந்த புகுமுக வகுப்பு மறைந்தது. முதல் பிளஸ் 2 பொதுத்தேர்வு 1980-ல் நடந்தது. கல்லூரி வாசல் வரை பள்ளியிலேயே படிக்கலாம் என்பது கிராமப்புறத்துக்கு இதனால் கிடைத்த நன்மை.

தேர்வின் நம்பகத்தன்மை

1975-ல் அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனி இயக்ககமாக அமைந்தது. வினாத்தாள்களைக் கட்டுக்காப்பு மையத்தில் வைப்பது, பறக்கும் படை, யார் விடைத்தாள் என்று தெரியாமலிருக்க டம்மி எண், மைய முகாமில் திருத்துதல், உதவித் தேர்வாளர் திருத்தியதை முதன்மைத் தேர்வாளர் சரிபார்த்தல், மறுகூட்டல், விடைத்தாள் நகல் பெறும் உரிமை, சான்றிதழின் உண்மைத்தன்மையை உறுதிசெய்தல் ஆகியவை இம்முறையின் காவல்கள். இவை விடைத்தாளை நேர்மையாக அளக்க உதவுகின்றன. மாணவர் எத்தகைய பள்ளியிலிருந்து வந்து அதை எழுதினார் என்பதை இவை அளப்பதில்லை.

சமச்சீர்க் கல்வி

மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு வகைப் பள்ளிகள் நான்கு பாடத்திட்டங்களோடு இயங்கின. இவற்றை ஒன்றாக்க 2006-ல் முனைவர் ச. முத்துக்குமரன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2010-ல் சட்டம் வந்தது. அவ்வாண்டு 1, 6 ஆகிய வகுப்புகளில் பொதுப் பாடத்திட்டம் தொடங்கியது. 2011-ல் புதிய அரசு அதை நிறுத்திவைக்க முயன்றது. பள்ளி திறந்தும் பாடநூல் இல்லாமல் மாணவர்கள் காத்திருந்தனர். 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் சமச்சீர்க் கல்வியை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. மலைப்பள்ளிக் குழந்தையும் நகரத்து மெட்ரிகுலேஷன் பள்ளிக் குழந்தையும் ஒரே பாடநூலைப் படித்து, ஒரே பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதும் நிலை அதன்பின் உருவானது.

அண்மை மாற்றங்கள்

2017-ல் பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பது கைவிடப்பட்டது. 2017-18 முதல் பிளஸ் 1 வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. மொத்த மதிப்பெண் 1200-லிருந்து 600 ஆனது. கொரோனா காலத்தில் 2021-ல் பிளஸ் 2 தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் 1-லிருந்து 20, பிளஸ் 2 செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு என்று கணக்கிட்டு மதிப்பெண் வழங்கப்பட்டது. 1911-ல் புத்தகத்தில் எழுதிவைத்த பள்ளிப் பதிவுக்கு நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து மீண்டும் தேவை வந்தது. 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பிளஸ் 1 பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. தேசிய அளவில், பல்வேறு வாரியங்களின் மதிப்பீட்டை ஒப்புநோக்க 2023-ல் என்.சி.இ.ஆர்.டி.யின் கீழ் 'பரக்' என்ற அமைப்பு ஏற்படுத்தப்பட்டது.

ஜவ்வாது மலையில்

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையினர். சாமை, புளி, பலா, தேன் ஆகியவை வாழ்வாதாரம். ஜமுனாமரத்தூர் மலையின் மைய ஊர். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் வனத்துறைப் பள்ளிகளும் இங்குள்ள குழந்தைகளுக்குக் கல்வி தருகின்றன. பெற்றோர் வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போனாலும் பிள்ளையின் படிப்பு நிற்காமல் காப்பது உறைவிட முறை.

மலைக்கும் சமவெளிக்கும் வினாத்தாள் ஒன்றே. ஆனால் கணக்கு, இயற்பியல் ஆசிரியர் பணியிடம் ஓராண்டு காலியாக இருந்தால் அந்த ஆண்டு மாணவர்களின் மதிப்பெண்ணில் அது தெரியும்; காலியிடம் இருந்தது என்று சான்றிதழில் எங்கும் எழுதியிருக்காது. பள்ளியின் அகமதிப்பீட்டுக்கு எடை கூட்டினாலும் சிக்கல் உண்டு. ஆசிரியர் நிலையாக இருக்கும் பள்ளியில்தான் அந்தப் பதிவு நம்பத்தக்கதாக இருக்கும்.

இந்த இடைவெளியை ஈடுசெய்ய வேறு வழிகள் தேடப்பட்டன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தோருக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. பழங்குடியினர் நலப் பள்ளிகளும் வனத்துறைப் பள்ளிகளும் இதில் அடங்கும். இலங்கையிலும் ஒரே உயர்தரத் தேர்வு நடத்திவிட்டு, பல்கலைக்கழக இடங்களில் 40 விழுக்காட்டைத் திறமைக்கும், 55 விழுக்காட்டை மாவட்டங்களுக்கும், 5 விழுக்காட்டைப் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பிரித்துத் தருகின்றனர். ஒரே தேர்வு என்பது ஒரே வாய்ப்பு ஆகாது என்பதை இரு ஏற்பாடுகளும் ஒப்புக்கொள்கின்றன.

மதிப்பீடு

1911 முதல் இன்றுவரை வந்த சீர்திருத்தங்கள் பாடத்திட்டத்தையும் தேர்வையும் சான்றிதழையும் செம்மைப்படுத்தின. அவற்றின் பயன் பெரிது. ஒதுக்கீடு வாசலைத் திறக்கிறது; உள்ளே சென்ற மாணவர் தாக்குப்பிடிக்க, பள்ளியில் கற்றதே கைகொடுக்க வேண்டும். ஆகவே சான்றிதழின் தரத்தைச் சோதிக்கும் வேலை திருத்தும் முகாமில் முடிந்துவிடுவதில்லை. மலைப்பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் பெயர் ஆண்டு முழுவதும் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதன் பகுதியே.