புள்ளலூரில் ஜெயித்தது யார்?

காஞ்சிபுரத்துக்கு வடக்கே இருக்கிறது புள்ளலூர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனும் வாதாபிச் சளுக்கியன் இரண்டாம் புலிகேசியும் மோதிய களம் இதுதான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. வேடிக்கை என்னவென்றால், இரண்டு வம்சத்தாருமே வெற்றியைத் தங்கள் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சண்டைக்கு விதை விழுந்தது ஆந்திரத்தில். கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் நடுவே உள்ள வேங்கியைப் பிடித்த புலிகேசி, அதைத் தம்பி குப்ஜ விஷ்ணுவர்த்தனனிடம் ஒப்படைத்தான். அடுத்த குறி காஞ்சி.

அய்ஹொளே மேகுடி சமணக் கோயிலில் ரவிகீர்த்தி பாடிய கல்வெட்டு கி.பி. 634-35ஐச் சேர்ந்தது. புலிகேசி உயிரோடு இருந்தபோதே வெட்டப்பட்டது. சளுக்கியப் படை கிளப்பிய புழுதியில் பல்லவனின் ஒளி மங்கிற்றாம். அவன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் போய் மறைந்தானாம். பிறகு மதம் ஒழுகும் யானைகள் பாலம்போல் நின்று காவிரியின் ஓட்டத்தையே தடுத்தனவாம். தன்னைக் காளிதாசனுக்கும் பாரவிக்கும் சமமாகச் சொல்லிக்கொண்ட புலவர். அடக்கி வாசிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

பல்லவர் தரப்புச் சாட்சி காசக்குடிச் செப்பேடு. இரண்டாம் நந்திவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சண்டை நடந்து நூறாண்டுக்கும் மேல் கழித்து எழுதப்பட்டது. புள்ளலூரில் மகேந்திரன் தன் முக்கியப் பகைவர்களை அழித்தான் என்கிறது. எந்தப் பகைவர்? பெயர் இல்லை.

எனக்கு இடிப்பது இங்கேதான். புலிகேசியையே ஓட ஓட விரட்டியிருந்தால் பெயரைச் சொல்லாமல் விடுவார்களா? மகேந்திரன் மகன் நரசிம்மவர்மனைப் பற்றிப் பேசும் கூரம் செப்பேட்டைப் பாருங்கள். தோற்றுத் திரும்பிய புலிகேசியின் முதுகையே ஏடாக்கி 'விஜய' என்ற எழுத்துகளை எழுதினான் என்று பெயர் சொல்லியே முழங்குகிறது.

ரவிகீர்த்தியும் ஓரிடத்தில் மாட்டிக்கொள்கிறார். மகேந்திரன் மதிலுக்குள் போனான் என்கிறாரே தவிர, மதில் விழுந்தது என்று பாடவில்லை. விழுந்திருந்தால் இந்தப் புலவர் வாய் சும்மா இருந்திருக்குமா? கோட்டையை முற்றுகையிட்டு உட்கார்ந்தால் மாதக்கணக்கில் ஆகும். அத்தனை யானைக்கும் குதிரைக்கும் தீனி போட்டாக வேண்டும். அதனால்தான் புலிகேசி நகரை விட்டுவிட்டுத் தெற்கே நகர்ந்திருப்பான் என்று நினைக்கிறேன்.

ஆக, வெளியே நடந்த சண்டையில் கை ஓங்கியது சளுக்கியனுக்கு. தலைநகர் தப்பியது பல்லவனுக்கு. காசக்குடி சொல்லும் வெற்றி, புலிகேசியின் கூட்டாளிகள் யாரையாவது மகேந்திரன் பிறகு மடக்கியதாக இருக்கலாம்.

புள்ளலூர் மண்ணுக்கு ரத்தம் பழக்கம்தான் போலிருக்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் நொறுக்கிய பொள்ளிலூரும் இதே ஊர்தான்.

அந்த 'விஜய' எழுதப்பட்ட களங்களில் ஒன்றான மணிமங்கலம், இன்றைய தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் அங்கே போவோம்.