ஆச்சி சுற்றிய பீடி

1987-இல் நெல்லைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் எனக்கு இரவுப் பணி. பதினோராம் கட்டில் ஆச்சி இல்லாத சுளகை மடியில் வைத்துக்கொண்டு, இல்லாத இலையில் இல்லாத தூளைப் போட்டுப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கட்டுவதற்குப் போர்வையிலிருந்து நூல் பிடுங்கினாள். கட்டுக்கு இருபத்தைந்து பீடி. ஆச்சியின் எண்ணிக்கை பதினெட்டைத் தாண்டவே இல்லை. பதினெட்டு வந்ததும் மறுபடி ஒன்று.

கேஸ் ஷீட்டில் முதுமை மறதி என்று எழுதியாகிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் "கோட்டி புடிச்சிட்டு" என்றார்கள். ஆச்சி இறங்கி ஓடிவிடுவாள் என்று கைகளைக் கட்டிலோடு கட்டச் சொன்னார்கள், பழைய கட்டுத்துணியால் கட்டினேன். மருமகள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "முந்தாநேத்து வரைக்கும் பீடிக்கடைக் கணக்க ஒரு பைசா பிசகாம சொன்னாவ சிஸ்டர். ஒரே ராத்திரில எப்படி ஓர்மை போவும்?"

மறுநாள் வந்த பயிற்சி மருத்துவர் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே ரத்தம் எடுத்தார். சோடியம் 112. 135-க்குக் குறையக் கூடாது. ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்த நீர் மாத்திரை போதாதென்று, யாரோ சொன்னார்கள் என்று கஞ்சியிலும் உப்பை நிறுத்தியிருந்தார்கள். நான்காம் நாள் ஆச்சி என்னைப் பார்த்து, "நீ யாரு தாயி?" என்று கேட்டுவிட்டு, அவிழ்ந்து கிடந்த கொண்டையை வெட்கத்தோடு முடிந்துகொண்டாள்.

"எப்பலேர்ந்து?" இதுதான் அன்று கேட்காமல் விட்ட கேள்வி. ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கேள்வி எந்த வழியாக வந்தது என்று தேடிப் படித்தேன்.

முதலில் நம் சொற்கள். வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெட்டால் சன்னி என்று சித்த மருத்துவம் சொல்லும். அதில் பதின்மூன்று வகை எண்ணியிருக்கிறார்கள். சன்னி காய்ச்சலோடு வரும். சில நாளில் ஆளை விட்டுப் போகும், இல்லையென்றால் ஆளைக் கொண்டுபோகும். வருஷக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்வதற்கு வேறு பேச்சு. எங்கள் பக்கம் ஓர்மை தப்பிட்டு என்பார்கள், யாழ்ப்பாணத்தில் அறளை பேர்ந்திட்டுது என்பார்கள். இரண்டும் வேறு என்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகுதான் இரண்டும் சேர்ந்து "வயசாயிட்டுல்லா" ஆனது என்பது என் கட்சி.

மேல்நாட்டிலும் பழைய ஆட்கள் கூர்மையாகவே பார்த்திருக்கிறார்கள். முகத்துக்கு முன்னால் காற்றைத் துழாவுவதும், போர்வையில் நூல் பிடுங்குவதும் கெட்ட குறி என்று ஹிப்போகிராட்டஸ் பெயரில் வரும் ஏடுகளில் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சியின் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. கிரேக்கர்கள் இந்தத் திடீர்க் குழப்பத்தில் இரண்டு ரகம் கண்டார்கள். ஒருவன் கத்தி ஆர்ப்பாட்டம் செய்வான், இன்னொருவன் மந்தமாகச் சுருண்டு கிடப்பான். முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் எழுதிய மருத்துவ நூலில் இதற்கு டெலிரியம் என்ற சொல் வருகிறது. ஏர் சால் விட்டு விலகுவதுதான் அதன் வேர்ப்பொருள். உழவர் வீட்டுப் பெண்ணான எனக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மாடும் கலப்பையும் அங்கேயேதான் இருக்கின்றன, சால்தான் கோணிவிட்டது. திருப்பிப் பிடிக்கலாம்.

மெல்ல மெல்லத் தேயும் மறதிக்கு டிமென்ஷியா என்று பெயர். அதன் கதை வேறு. 1901 நவம்பரில் பிராங்பர்ட் மனநோய் விடுதியில் அகஸ்டே டெட்டர் என்ற பெண்ணைச் சேர்த்தார்கள். வயது 51, கணவர் ரயில்வே குமாஸ்தா. அங்கே மருத்துவரான அலோய்ஸ் அல்ஸைமர் அவளிடம் கேள்வி கேட்டு, வந்த பதிலை அப்படியே குறித்துவைத்தார். 1906-இல் அவள் இறந்ததும் மூளையை வரவழைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். உயிரணுக்களுக்கு இடையே திட்டுத்திட்டாகப் படிவுகள், உள்ளே முறுக்கிய நூல்சிக்கல். 1910-இல் கிரேப்பலின் தன் பாடநூலில் இதற்கு அல்ஸைமர் நோய் என்று பெயரிட்டார்.

இங்கேதான் ஒரு கோணல். அவளுக்கு 51 வயது என்பதால் அது நோய். அதே தேய்வு 75 வயதில் வந்தால் வெறும் முதுமை. கிழவர்கள் பல பத்தாண்டுகள் நோயாளிப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

இந்த முடிச்சையும், திடீர்க் குழப்பத்தையும் மெல்லத் தேய்வதையும் ஒன்றாகக் கட்டிய முடிச்சையும் அவிழ்த்ததில் ஒரே மனிதருக்குப் பங்கு உண்டு. அவர் மார்ட்டின் ராத், புடாபெஸ்டில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். சிசெஸ்டர் ஊரின் கிரேலிங்வெல் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதியவர்களின் கதி ஆறு மாதத்தில் என்ன, இரண்டு வருஷத்தில் என்ன என்று பின்தொடர்ந்து பார்த்து 1955-இல் எழுதினார். ஒரே பெயரில் அடைத்து வைத்த கூட்டத்தை ஐந்தாகப் பிரித்தார். திடீர்க் குழப்பத்தோடு வந்தவர்களில் பலர் தெளிந்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். மெல்லத் தேய்ந்து வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்திருந்தார்கள். பிறகு 1968-இல் நியூகாசிலில் பிளெஸ்ட், டாம்லின்சன் என்ற இருவரோடு சேர்ந்து இறந்த முதியவர்களின் மூளைப் படிவுகளை எண்ணினார். படிவு கூடக்கூட, உயிரோடு இருந்தபோது மறதியும் கூடியிருந்தது. அகஸ்டேயின் நோய்தான் நம் தாத்தாக்களுக்கும் என்று தெரிந்தது.

சென்னை பொது மருத்துவமனையில் மருத்துவர் வ.செ. நடராசன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கியது 1978-இல். எங்கள் வார்டுக்கு அந்தக் காற்று வந்து சேர வெகுகாலம் ஆயிற்று.

என்னை உட்காரவைத்தது அமெரிக்காவில் ஷாரன் இனூயி 1996-இல் வெளியிட்ட ஆய்வு. மருத்துவமனைக்கு வந்த பிறகு முதியவர்களுக்கு டெலிரியத்தைக் கிளப்பிவிடும் ஐந்து காரணங்களை அதில் சொல்கிறார். கட்டிப்போடுவது, ஊட்டக்குறைவு, மூன்றுக்கு மேல் புதிய மருந்து, மூத்திரக்குழாய், சிகிச்சையினாலேயே வந்த கெடுதி. ஐந்தில் நான்கு நாங்கள் செய்வது. அந்தக் கட்டுத்துணி முடிச்சு இன்னும் என் விரலில் இருக்கிறது.

1999-இல் அவரே ஒரு மாற்று வழியையும் காட்டினார். 70 வயது தாண்டிய 852 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு, மறுபாதிக்குக் கூடுதலாகச் சில சில்லறை வேலைகள். கண்ணாடியையும் காதுக்கருவியையும் எடுத்துக் கொடுப்பது, நடக்கவைப்பது, தண்ணீர் கொடுப்பது, இன்று என்ன நாள் என்று சொல்வது, தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடான பாலும் முதுகுத் தடவலும். டெலிரியம் 15 விழுக்காட்டிலிருந்து 9.9-க்கு இறங்கியது. பாலும் முதுகுத் தடவலும்! என் பாட்டி கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

மறதி நோயை எண்ணும் வேலையிலும் நம் வீடுகள் ஒரு வேடிக்கை காட்டின. 10/66 என்ற ஆய்வுக் குழு பல நாடுகளில் எண்ணி 2008-இல் வெளியிட்டது. அமெரிக்க அளவுகோலின்படி கியூபாவில் 6.3 விழுக்காடு, வேலூர்க் கிராமங்களில் வெறும் 0.3. அன்றாட வேலை கெட்டிருந்தால்தான் அந்த அளவுகோல் நோய் என்று சொல்லும். நம் வீட்டில் தாத்தாவுக்கு வேலை ஏது? சோறு தட்டில் வரும், வேட்டி துவைத்து வரும், பணக்கணக்கு மகன் பார்ப்பான். கெட்டுப்போக எதையும் மிச்சம் வைக்கவில்லை. அந்தக் குழு சொந்தமாக வகுத்த அளவுகோலில் எந்த நாட்டிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையவில்லை.

2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு டிமென்ஷியாவுக்குத் தவிர்க்கக்கூடிய காரணங்கள் என்று பதினான்கைச் சொன்னது. படிப்பின்மை, கேட்காத காது, தெரியாத கண், சர்க்கரை, கொதிப்பு, புகை, தனிமை எல்லாம் அதில் உண்டு. டிமென்ஷியா உள்ளவருக்கு டெலிரியம் எளிதில் வரும், டெலிரியம் வந்து போனவருக்குப் பின்னாளில் டிமென்ஷியா வரும் வாய்ப்பும் கூடும். இரண்டையும் பிரித்தறிய இவ்வளவு காலம் ஆனதில் ஆச்சரியமில்லை.

பீடி சுற்றிய ஆச்சி சத்தம் போட்டாள், அதனால் பிழைத்தாள். அதே வருஷம் மார்கழியில் ஆண்கள் வார்டுக்கு என்னை மாற்றியிருந்தார்கள். சன்னலோரக் கட்டிலில் ஒரு தாத்தா. இரண்டு நாளாகப் பேச்சில்லை, தொந்தரவில்லை, ஊட்டினால் ஒரு வாய், கூப்பிட்டால் அரைக்கண். "சமத்துத் தாத்தா" என்று நானே சொன்னேன். நிமோனியா என்பது மூன்றாம் நாள் காலையில் தெரிந்தது, பத்து மணிக்குப் போய்விட்டார். அதற்கு முந்தைய இரவின் ரிப்போர்ட் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேராக என் கையெழுத்தில் இருந்தது: நன்றாகத் தூங்கினார்.