இடையன்குடி: ஆலயத்தைச் சுற்றி எழுந்த ஊர்

இடையன்குடி, திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கிழக்கே திசையன்விளைக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். கடற்கரை இங்கிருந்து தொலைவில் இல்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய ராபர்ட் கால்டுவெல் (1814–1891) நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தம் பணிக்களமாகக் கொண்டிருந்த ஊர் என்பதால் தமிழ் கற்றோர் பலருக்கும் இதன் பெயர் தெரியும். ஆனால் இவ்வூரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கால்டுவெல்லைப் பற்றியே எழுதுகிறார்கள். ஊர் ஒரு பின்னணித் திரையாக நின்றுவிடுகிறது. தேரிக்காட்டில் சிதறிக்கிடந்த குடிசைகள் நேரான தெருக்களும் கிணறுகளும் பள்ளியும் கொண்ட ஊராக மாறியது எப்படி, அதற்கு அவ்வூர் மக்கள் கொடுத்த விலை என்ன என்பது தனியே சொல்லத்தக்க வரலாறு.

தேரியும் பனையும்

திருச்செந்தூர், சாத்தான்குளம் தொடங்கித் தெற்கே இராதாபுரம் வரையுள்ள கடலோரப் பகுதியில் செம்மணல் மேடுகள் பரந்து கிடக்கின்றன. இவற்றைத் தேரி என்பர். காற்றடிக்கும் மாதங்களில் மணல் இடம்பெயரும். தாமிரபரணியின் கால்வாய்கள் வந்து பாயாத நிலம் என்பதால் நெல் வேளாண்மைக்கு இங்கு வழியில்லை. உடையும் பனையும்தான் தாமாக வளர்ந்தன.

இப்பகுதி மக்களில் பெரும்பாலோர் பனையை நம்பி வாழ்ந்தவர்கள். அன்றைய ஆவணங்கள் சாணார் என்று குறிப்பிட்ட இச்சமூகம் 1921 முதல் அரசுப் பதிவுகளில் நாடார் என்று வழங்கப்படுகிறது. பனையேறி ஒருவர் நாளொன்றுக்கு 30 முதல் 50 மரங்கள் வரை, காலையும் மாலையும் என இருமுறை ஏறி இறங்குவார். இறக்கிய பதநீரைப் பெண்கள் விடிலியில் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவார்கள். பருவகாலத்தில் குடும்பமே தோப்புக்குள் குடியேறிவிடும். பருவம் முடிந்தால் கையில் இருப்பது சில கருப்பட்டிச் சிப்பங்களும், அவற்றின்மேல் வாங்கிய கடனும்தான். மரம் ஒருவருடையதாகவும் அது நிற்கும் நிலம் வேறொருவருடையதாகவும் இருப்பது உண்டு. நிலம் நாடான்கள் எனப்பட்ட, அதே சமூகத்தின் செல்வக் குடும்பங்களிடமோ பிற மேல்சாதியினரிடமோ இருந்தது. பனையேறியின் குடிசை பெரும்பாலும் அடுத்தவர் மண்ணில் நின்றது. பின்னர் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி இன்றியமையாதது.

அடைக்கல ஊர்கள்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சையிலிருந்து சுவார்ட்சின் வழிவந்த உபதேசியார்கள் இப்பகுதிக்கு வந்தார்கள். கிறித்தவத்தைத் தழுவியவர்களுக்கு உடனே எழுந்த சிக்கல் இருப்பிடம். ஊர்த்தெய்வக் கொடைக்கு வரி கொடுக்க மறுத்தவரை நிலக்காரர் விரட்டினால் போக்கிடம் கிடையாது. குடிசைகளும் செபக்கூடங்களும் எரிக்கப்பட்ட நிகழ்வுகள் பல. இதற்கு விடையாக, தாவீது சுந்தரானந்தம் என்ற உள்ளூர் உபதேசியார் 1799இல் ஓர் ஆங்கிலப் படை அதிகாரியின் பண உதவியோடு நிலம் வாங்கி, துரத்தப்பட்ட சில குடும்பங்களைக் குடியேற்றினார். அதுவே முதலூர். முதல் கிறித்தவ ஊர் என்பதால் அப்பெயர். இவ்வகை ஊர்களின் முன்மாதிரியை அமைத்தவர் வெள்ளைக்காரர் அல்லர், சாத்தான்குளம் பக்கத்துப் பனங்காட்டில் பிறந்தவர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலூருக்குப் பின் இம்முறை பரவியது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ், நிலம் வாங்கிக் கிறித்தவ ஊர்களை அமைப்பதற்கென்றே ஒரு சங்கத்தை ஏற்படுத்தினார். புலியூர்க்குறிச்சியில் ஆலயம் கட்டப் பொருள் தந்த ஜெர்மானியப் பிரபு டோனாவின் பெயரால் அவ்வூர் டோனாவூர் ஆயிற்று. நெடுவிளை மெய்ஞ்ஞானபுரமானது. புதுப்பெயர் சூட்டுவது இவ்வூர்களின் வழக்கமாகவே இருந்தது. இடையன்குடி இதற்கு விலக்கு. ஆடு மேய்க்கும் இடையர் குடியிருந்த இடம் என்ற பழம்பெயரே நிலைத்தது.

தெருக்களும் கிணறுகளும்

கால்டுவெல் வருவதற்கு முன்பே இடையன்குடியில் ஒரு சிறு சபை இருந்தது. எனவே அவரை இவ்வூர்ச் சபையின் நிறுவனர் என்பது சரியன்று. ஊரின் வடிவத்துக்குத்தான் அவர் பொறுப்பு. அயர்லாந்தில் பிறந்து, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் படித்து, 1838இல் சென்னைக்கு வந்தவர் கால்டுவெல். 1841இல் நற்செய்திப் பரப்புக் கழகத்தில் சேர்ந்து திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டார். சென்னையிலிருந்து சிதம்பரம், தரங்கம்பாடி, தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி, மதுரை என்று சுற்றி நடந்தே வந்தார். வழியில் உதகையில் குருப்பட்டம் பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தபோது அவருக்கு வயது 27.

அவர் கண்டது ஒழுங்கற்ற குடிசைக் கூட்டம். ஓலைக்கூரைகள் ஒன்றையொன்று உரசி நின்றன. ஒரு குடிசையில் தீப்பற்றினால் வரிசையே சாம்பலாகும். கால்டுவெல் சுற்றியிருந்த நிலத்தை வாங்கி, ஆலயத்துக்கென நடுவில் இடம் ஒதுக்கி, தெருக்களை நேராக வகுத்தார். வீடுகளுக்கிடையே இடைவெளி விடப்பட்டது. தெருவோரம் நிழல்மரங்கள் நடப்பட்டன. கிணறுகள் தோண்டப்பட்டன. தேரியில் கிணறு தோண்டுவது எளிய வேலையன்று; மணல் சரிந்துகொண்டே இருக்கும், உறை இறக்காமல் முடியாது. ஆனாலும் கிணறு இல்லாமல் அங்கே ஊர் இல்லை.

குடியிருப்பவர்களுக்கு இது என்னவாக இருந்தது? நிலக்காரரின் விரட்டலுக்கு அஞ்சாமல் ஒரு கூரைக்கடியில் படுக்கலாம். அது சிறிய பேறன்று. ஆனால் மண் இப்போது மிஷனுடையது. காலையிலும் மாலையிலும் மணி அடித்தால் செபத்துக்கு வர வேண்டும். கொடைக்குப் போகக்கூடாது, குறிகேட்கக்கூடாது, குடிக்கக்கூடாது. கணவன் மனைவி சண்டையிலிருந்து வாய்க்கால் வரப்புத் தகராறு வரை குருவானவரிடம்தான் தீர்ப்பு. பழைய நிலக்காரரின் இடத்தில் கருணையுள்ள ஒரு புதிய நிலக்காரர் வந்தார் என்று இதைச் சொன்னால் முழு உண்மையாகாது. முழுப் பொய்யும் ஆகாது. பழையவர் பள்ளிக்கூடம் வைக்கவில்லை என்பது பெரிய வேறுபாடு.

எலிசாவின் பள்ளி

1844இல் கால்டுவெல் நாகர்கோவிலில் பணியாற்றிய சார்லஸ் மால்ட்டின் மகள் எலிசாவை மணந்தார். எலிசா தென்திருவிதாங்கூரிலேயே வளர்ந்தவர். தமிழை ஊர்ப்பெண்கள் பேசுவதுபோலவே பேசுவார். கணவர் ஏட்டிலிருந்து கற்ற மொழியை மனைவி தெருவிலிருந்து கற்றிருந்தார். பெண்களிடையே பணி நடந்ததற்கு இதுவே அடிப்படை.

அதே ஆண்டில் எலிசா பெண்குழந்தைகளுக்கு விடுதியுடன் கூடிய பள்ளியைத் தொடங்கினார். பெற்றோரை இணங்கவைப்பது கடினம். பதநீர்ப் பருவத்தில் விடிலியில் அடுப்பெரிக்கவும் சுள்ளி பொறுக்கவும் ஓலைப்பெட்டி முடையவும் தம்பி தங்கையரைத் தூக்கிவைத்திருக்கவும் பெண்பிள்ளை வேண்டும். படித்துவிட்டு அவள் என்ன செய்யப்போகிறாள் என்ற கேள்வி அன்று நியாயமான கேள்வியாகவே இருந்தது. விடுதியில் உணவும் உடையும் கொடுத்தது ஒரு விடை. மற்றொன்று பின்னல் வேலை. எலிசாவின் தாய் மார்த்தா மால்ட் 1820களில் நாகர்கோவிலில் அறிமுகப்படுத்திய லேஸ் பின்னலை எலிசா இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். மெல்லிய நூலைச் சிறுகட்டைகளில் சுற்றி, தலையணை போன்ற திண்டின்மேல் ஊசிகளைக் குத்திப் பின்னும் வேலை அது. பின்னிய லேஸ் ஐரோப்பியருக்கு விற்கப்பட்டது.

பனைத்தொழிலில் பெண்ணின் உழைப்பு குடும்பக் கணக்கில் கரைந்துபோகும். கருப்பட்டி காய்ச்சியவளின் கையில் காசு வருவதில்லை. லேஸ் பின்னியவளின் கையில் வந்தது. ஊரமைப்பையும் ஆலயத்தையும்விட ஊரின் உள்வாழ்க்கையை மாற்றியது இந்தப் பள்ளியும் பின்னலும்தான் என்று கருத இடமுண்டு. தாய் படித்த வீட்டில் அடுத்த தலைமுறைப் பெண் படிப்பதைப் பற்றி விவாதம் எழுவதில்லை. தென்மாவட்டங்களில் பெண் ஆசிரியர்களும் செவிலியர்களும் முன்கூட்டியே பெருகியதற்கு இப்படிப்பட்ட ஊர்ப்பள்ளிகள் நாற்றங்காலாக இருந்தன.

1849ஆம் ஆண்டுச் சிறுநூல்

இடையன்குடிக்கு வந்த எட்டாம் ஆண்டில் கால்டுவெல் 'திருநெல்வேலிச் சாணார்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். இங்கிலாந்து வாசகர்களுக்கு மிஷன் பணியின் தேவையை உணர்த்துவது அதன் நோக்கம். அதற்காக அவர் தம் சபை மக்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றும் அவர்களுடைய அறிவையும் ஒழுக்கத்தையும் தாழ்ந்தவை என்றும் எழுதினார். அவர்கள் இந்நிலத்துக்கு ஈழத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள் என்ற கருத்தையும் முன்வைத்தார்.

தம்மைப் பற்றித் தமக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்டதை மக்கள் அறியமாட்டார்கள் என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் மிஷன் பள்ளிகளே ஆங்கிலம் படித்தவர்களை உருவாக்கிக்கொண்டிருந்தன. நூலின் செய்தி பரவியதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் முதன்மையானவர் சட்டாம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம். நாசரேத் மிஷனில் பணியாற்றி, அங்கிருந்த மிஷனரியோடு மோதி வெளியேற்றப்பட்டவர் அவர். 1857இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் ஐரோப்பியர் தலைமையும் பணமும் இல்லாத தனிச்சபை ஒன்றை நிறுவினார். ஏக இரட்சகர் சபை என்று அது பெயர்பெற்றது. இந்தியாவில் மேலைத் திருச்சபைகளிலிருந்து பிரிந்து இந்தியரே அமைத்த தொடக்ககாலச் சபைகளில் அது ஒன்று. பிற்காலத்தில் கால்டுவெல் தம் நூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார். ஆனால் அது ஏற்படுத்திய கசப்பு அவர் வாழ்நாளுக்குள் மறையவில்லை.

இதே மனிதர்தான் 1856இல் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டுத் தமிழும் அதன் உறவுமொழிகளும் வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல என்று நிறுவினார். மொழிக்குத் தனிப்பெருமை தேடித் தந்தவர், அம்மொழியைத் தம்மோடு நாள்தோறும் பேசியவர்களைத் தாழ்த்தி எழுதினார். இரண்டும் ஒரே ஊரில், ஒரே பதினைந்து ஆண்டுக் காலத்துக்குள் உருவானவை. அவரைக் கொண்டாடுபவர்கள் முதல் நூலை மறந்துவிடுகிறார்கள். தூற்றுபவர்களுக்கு இரண்டாவது நூலும் கிணறுகளும் நினைவுக்கு வருவதில்லை.

முப்பத்து மூன்று ஆண்டு ஆலயம்

ஊரின் நடுவில் நிற்கும் பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பிரதிஷ்டை நடந்தது 1880 ஜூலை 6. இடைப்பட்டவை 33 ஆண்டுகள். கோதிக் பாணியில் கூர்வளைவுச் சாளரங்களோடு எழுந்த இக்கட்டடத்தின் வேலை, பணம் வந்தபோது நடந்து, தீர்ந்தபோது நின்றது. அடிக்கல் நாட்டியதைச் சிறுபிள்ளையாக வேடிக்கை பார்த்தவர், பிரதிஷ்டையின்போது பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கலாம். ஊருக்கு ஆலயம் நடுவாயிற்று என்பது வரைபடத்தில் உடனே நடந்தது. கல்லில் நடக்க ஒரு தலைமுறை பிடித்தது.

இடையில் பஞ்சம் வந்தது. 1876–78இல் தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தில் மிஷன் நிவாரணப் பணியில் இறங்கியது. அதைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தனர். கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. கஞ்சி ஊற்றியவர்களை நம்பினார்கள் என்றும் அதைச் சொல்லலாம். 1877 மார்ச் மாதம் கல்கத்தாவில் கால்டுவெல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1883இல் தூத்துக்குடிக்கு இடம்பெயர்ந்தார்.

பிந்தைய காலம்

கால்டுவெல் 1891 ஆகஸ்டு 28 அன்று கொடைக்கானலில் இறந்தார். உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு, நெடுந்தொலைவு கொண்டுவரப்பட்டு, இடையன்குடி ஆலயத்தின் பலிபீடத்துக்குக் கீழே அடக்கம் செய்யப்பட்டது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இவ்வாலயம் அதன் பகுதியாயிற்று. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை வைக்கப்பட்டது. அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு சீரமைத்து 2011இல் நினைவு இல்லமாகத் திறந்தது. இன்று வெளியூரிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் இவ்வீட்டையும் ஆலயத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

தெருக்களைப் பார்ப்பவர் குறைவு. அவையோ இன்னும் நேராகவே இருக்கின்றன. அவற்றில் பிறந்தவர்களில் பலர் படிப்பையும் வணிகத்தையும் பற்றிக்கொண்டு சென்னைக்கும் மும்பைக்கும் அதற்கப்பாலும் போய்விட்டார்கள். தேரிக்காட்டு ஊர்களில் பிரதிஷ்டைப் பண்டிகையும் அசன விருந்தும் வரும் நாட்களில் பூட்டிய வீடுகள் திறக்கின்றன. ஆலயத்தைச் சுற்றிப் பந்தி விரிகிறது. பனைகள் நிற்கின்றன. ஏறுவதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.