பெயரும் ஆளும்: வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்தில் ‘ஒருவரே’ என்பதன் வரலாறு

உருவமும் வயதும் வாழ்விடமும் மாறிய பின்னும், ‘அன்று இருந்தவரே இவர்’ என்று எதனைக் கொண்டு துணிகிறோம்? ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக், 1694இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில், கடந்த செயல்களைத் தன்னுடையவை என அறியும் தன்னுணர்வே இதற்கு அடிப்படை என்றார். கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலோ இவ்வினா குடியுரிமையோடு பிணைந்தது.

தோட்ட வாழ்வில் ஒருவருக்குச் சான்று அயலாரின் அறிவே. இன்னாரின் மகன், இன்ன லயத்தார் என அனைவரும் அறிந்திருந்தமையால், வீட்டில் ஒரு பெயரும் பெரட்டில் வேறொரு பெயரும் வழங்கினும் ஐயம் எழவில்லை. 1948இல், அவசரகாலத்தில் அடையாள அட்டை அறிமுகமானதும், நிழற்படமும் பெருவிரல் ரேகையும் சான்றாயின. விடுதலை நாளாகிய 31.8.1957 முதல் 1962 செப்டம்பர் வரை மலாயா மண்ணில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்களாயினர். அதன் பின்னர்ப் பிறந்தோர்க்கு, பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்பது பொதுவிதியாயிற்று. ஆகவே, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் உள்ள தந்தையும் அடையாள அட்டையில் உள்ள தந்தையும் ஒருவரே என மெய்ப்பிப்பது இன்றியமையாததாயிற்று.

இங்கே எழுத்துமுறையே இடராயிற்று. தமிழில் ‘கோவிந்தசாமி’ என்பது ஒரே பெயர். உரோமன் எழுத்தில் அதன் முதலெழுத்து ‘ஜி’ ஆகவும் ‘கே’ ஆகவும் அமையலாம். கிராணியோ பதிவாளரோ செவிவழி எழுதிய வேறுபாட்டால், தமிழில் ஒருவராக இருந்தவர் ஆவணங்களில் இருவரானார். இவ்விரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என உறுதிகூற 1960ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டம் வழிசெய்கிறது. எனினும், உறுதிமொழிக்கு வலுவூட்டப் பழைய பதிவுகளும் அறிந்தோர் சாட்சியமும் தேவைப்படும்.

பத்தாங் பெர்ஜுந்தை நகரம் 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. அரசே மாற்றியமையால் இரண்டும் ஓரூரே என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஊருக்குக் கிடைத்த இத்தொடர்ச்சியைத் தோட்டத் தொழிலாளி தாமே மெய்ப்பிக்க வேண்டியுள்ளது. ரப்பர் செம்பனையானது, பல தோட்டங்கள் கைமாறின, லயங்கள் அகன்றன. அவற்றோடு, அவரை அறிந்தோரும் சிதறினர்.

எனவே, ஒருவரின் தொடர்ச்சி அவருடைய நினைவில் மட்டுமன்றி, அவரைப் பற்றிய பிறர் நினைவிலும் தங்கியுள்ளது எனலாம். அந்நினைவு மறையுமுன், முதியோரின் வழக்குப் பெயர், ஆவணப் பெயர், லயம், உறவுமுறை ஆகியவற்றைப் பதிவு செய்தல் ஆய்வாளர்க்கும் தமிழாசிரியர்க்கும் உரிய கடமையாகும்.