சூலக்கரைக் குடிலில் பனி வந்த கதை

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் வழியில் இருக்கிறது சூலக்கரை. மார்கழியிலும் மின்விசிறியை அணைக்க யோசிக்கும் வட்டாரம். இந்தப் பக்கம் கிறிஸ்துமஸ் குடில் கட்டும் வீடுகளில் டிசம்பர் பிறந்ததும் மருந்துக்கடைப் பஞ்சு வாங்கி வைத்துவிடுவார்கள். தொழுவத்துக் கூரைமேல் பனி கொட்ட வேண்டுமே! லூக்கா நற்செய்தியில் தீவனத் தொட்டி உண்டு, இராத்திரியில் கிடை காத்த இடையர்கள் உண்டு. பனி கிடையாது.

குடிலைத் தொடங்கி வைத்தவர் அசிசி பிரான்சிஸ் என்பார்கள். 1223 கிறிஸ்துமஸ் இரவில், இத்தாலியின் கிரேச்சியோ என்ற மலையூரில், தொட்டியில் வைக்கோல் பரப்பி, பக்கத்தில் நிஜ மாட்டையும் கழுதையையும் கட்டினார். பொம்மைகள் பெருகியது 18ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸில். சுட்ட மண்ணில் தலை, மரத்தில் கைகால், கம்பியில் சணல் சுற்றிய உடம்பு, மேலே பட்டு. உள்ளே கம்பி என்பதால் ஒரே பொம்மையைக் குனிய வைக்கலாம், மண்டியிட வைக்கலாம், உடையை மாற்றி வேறு ஆளாக்கலாம். அரசரும் பிரபுக்களும் பணத்தைக் கொட்டிய பொழுதுபோக்கு அது. அவர்கள் கட்டிய பெத்லகேமில் நேப்பிள்ஸின் சந்தையே நடந்தது.

சாமானியர் வீட்டுக்குப் பொம்மை வந்தது பிரெஞ்சுப் புரட்சியின் தயவால். தேவாலயங்கள் மூடிக் கிடந்தபோது புரோவென்ஸ் மக்கள் வீட்டுக்குள்ளேயே குடில் வைத்தார்கள். மார்செய் நகரின் ழான்-லூயி லான்யெல் அச்சில் களிமண்ணை அழுத்திக் குட்டிப் பொம்மைகளை மலிவாக எடுத்தார். 1803இல் அங்கே பொம்மைச் சந்தையே தொடங்கிவிட்டது.

நம் பக்கத்தில் அந்த வேலைக்குப் பேர்போன ஊர் திருப்பரங்குன்றத்தை ஒட்டிய விளாச்சேரி. கொலு முடிந்த கையோடு குடில் செட்டில் இறங்கிவிடுவார்கள். இரண்டு பாதி அச்சில் களிமண்ணை அழுத்தி, ஒட்டி, நிழலில் காயவைத்து, சூளையில் சுட்டு, வெள்ளை அடித்து, அதன்மேல் வண்ணம். கண் எழுதுவதில்தான் கை தெரியும். ஆட்டு அச்சுக்கும் மாட்டு அச்சுக்கும் மதம் கிடையாது. கண்ணன் பக்கத்தில் நிற்கிற பசு, சூசையப்பர் பக்கத்திலும் நிற்கும்.

சரி, பனி? டிக்கன்ஸின் ‘கிறிஸ்துமஸ் கரோல்’ வெளிவந்தது 1843இல். அதே ஆண்டு லண்டனில் ஹென்றி கோல் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை அச்சிட்டு விற்றார். அதில் ஒரு குடும்பம் கோப்பையும் கையுமாக இருக்கிறது, பனி இல்லை. பின்னால் வந்த அட்டைகள்தான் பனி மூடிய கூரைகளைப் பிடித்துக்கொண்டன. இங்கே சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். வந்த அச்சகங்கள் லேபிளோடு நிற்காமல் காலண்டரும் வாழ்த்து அட்டையும் அடித்தன. பனியையே பார்த்திராத ஊர் அதை ரீம் ரீமாக அச்சடித்தது. நம் குடிலுக்குப் பனி இந்த அட்டைகளிலிருந்துதான் இறங்கியது என்பது என் கணிப்பு.

படத்திலிருந்த பனிக்குக் கைக்கெட்டிய பண்டம் பஞ்சு. கரிசல் காட்டில் விளைவது. விருதுநகர் கமிஷன் கடைகளுக்குப் பழகிய சரக்கு. சத்திரப்பட்டிப் பக்கம் காயத்துக்குக் கட்டும் துணி நெய்தே ஊர் பிழைக்கிறது.

குடில் கட்டும்போது, காக்கித் தாளைக் கசக்கி, மைதாப் பசை தடவி அட்டைப்பெட்டிமேல் போர்த்தினால் மலை. சாயம் போட்ட மரத்தூள் புல். கண்ணாடித் துண்டு குளம். பஞ்சில்தான் பலர் கோட்டை விடுவார்கள். கட்டியாக வைத்தால் தலையணை கிழிந்த மாதிரி இருக்கும். நூலாம்படை கனத்துக்கு இழுத்து, கூரை விளிம்பிலும் பாறை இடுக்கிலும் மட்டும் படியவிட வேண்டும். அடியில் பூசும் வெள்ளைச் சாயத்தில் ஒரு துளி சொட்டு நீலம் விட்டால் வெள்ளைக்குக் குளிர் வந்துவிடும். வெள்ளையடிப்பவர்கள் சுண்ணாம்பில் நீலம் கலப்பதும் வெள்ளையைத் தூக்கிக் காட்டத்தான். மேலே சிட்டிகை ஜிகினா போதும்.

பனி செய்கிறவர்கள் குடில்காரர்கள் மட்டும் இல்லை. ஈய வீரர்களைத் தரையில் நிறுத்திப் போர் விளையாட எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ஒரு விதிப்புத்தகமே எழுதினார். அந்த வழியில் இன்று மேஜைமேல் குட்டிப் படைகளை மோதவிடுகிறவர்கள் ஆப்பசோடாவையும் வெள்ளைப் பசையையும் குழைத்துப் பனி செய்கிறார்கள். நாளாக ஆக அது மஞ்சளிக்கிறது என்று அவர்களிலேயே பலர் அலுத்துக்கொள்வதுண்டு. நம் பஞ்சு அத்தனை சீக்கிரம் மஞ்சளிப்பதில்லை.

நெருப்புதான் பஞ்சுக்குப் பகை. பழைய சீரியல் செட் பல்புகள் சுடும். குடிலுக்குள் மெழுகுவத்தி வைப்பவர்களும் இருந்தார்கள். பட்டாசுக்காட்டில் வாழ்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. எல்.இ.டி. வந்தபின் சூடு குறைந்தது, பயமும் குறைந்தது. ஆனால் அதே சமயத்தில் பஞ்சுக்குப் பதில் தெர்மாகோலைத் துருவித் தூவும் பழக்கமும் பரவிவிட்டது. அதுவும் தீப்பிடிக்கும், பிடித்தால் உருகி ஒழுகும். மின்விசிறியைப் போட்டால் பனி முழுக்க ஆடுகளை விட்டுவிட்டு நடுவீட்டுக்கு வந்துவிடும்.